கீழ்த்தொட்டிக்குக் கலிங்கு கிடையாது

அந்தமானில் இருக்கிறேன் என்று சொன்னதும் ஊரில் கேட்கும் முதல் கேள்வி ஜெயிலைப் பற்றி இருக்கும். இரண்டாவது மீனைப் பற்றி. "சுத்தியும் கடல். வீட்டுல கலர் கலரா கடல் மீனும் பவளமும் வெச்சு ஜமாய்ப்பீங்களே?"

அட, நீங்க வேற! பவளத்தில் கை வைத்தால் 1972-ம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் நம் மேல் கை வைக்கும். கரையில் செத்து ஒதுங்கிய பவளத் துண்டைக்கூட பெட்டியில் போட்டு எடுத்துப் போக முடியாது. கடல் குதிரை, ராட்சதச் சிப்பி எல்லாமே அதே கதைதான். அதனால் எங்கள் வீட்டில் இருப்பது சாதாரண நன்னீர் மீன்கள். சென்னை கொளத்தூரில் வாங்கி, ஆக்ஸிஜன் அடைத்த பிளாஸ்டிக் பையில் விமானம் ஏறி வந்த ஏஞ்சல்களும் டெட்ராக்களும். நாலு பக்கமும் கடல் இருக்கிற ஊருக்கு சென்னையில் இருந்து மீன் இறக்குமதி! சிரிக்காதீங்க :-)

போர்ட் பிளேரில் (2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினார்கள், நாக்குக்கு இன்னும் பழகவில்லை) மீன் வளர்ப்பவன் இரண்டு விஷயத்தில் கவனமாக இருக்க வேண்டும். ஒன்று கரண்ட். தீவுக்கும் இந்தியாவின் மின் கட்டமைப்புக்கும் சம்பந்தமே கிடையாது. நடுவில் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடல். இங்கே எரிகிற பல்புக்கு இங்கேயேதான் மின்சாரம் தயாரிக்க வேண்டும். பெரும்பாலும் டீசல், கொஞ்சம் சூரிய ஒளி. எங்கேயாவது ஒரு ஜெனரேட்டர் மக்கர் செய்தால் நம் வீட்டு மின்விசிறி நிற்கும். அடுத்தது தண்ணீர். வருஷத்துக்கு 3000 மில்லிமீட்டர் அளவுக்கு மழை கொட்டுகிற ஊர்தான். ஆனால் நகரத்துக்குக் குடிநீர் பெரும்பாலும் தனிக்காரி அணையில் இருந்து வர வேண்டும். பிப்ரவரி தாண்டினால் குழாயில் தினமும் தண்ணீர் வராது. டிரம், வாளி, குடம் என்று வீடு முழுக்கப் பிடித்து வைப்போம்.

இந்த இரண்டும் சேர்ந்து ஒரு வீட்டில் விளையாடிய விளையாட்டைத்தான் இங்கே எழுதப் போகிறேன். மீன் தொட்டி வைத்துக்கொண்டு, வருஷத்துக்கு ஒரு முறை வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போகிற எல்லோருக்கும் இது உதவும். துபாயாக இருந்தாலும் சரி, சிங்கப்பூராக இருந்தாலும் சரி.

எங்கள் குடியிருப்பில் மேல்மாடியில் ஒரு அதிகாரி. வேறு அலுவலகம். ஆசை ஆசையாகப் பெரிய தொட்டி வைத்திருந்தார். மேலே மீன் தொட்டி, அதற்குக் கீழே அலமாரிக்குள் இன்னொரு கண்ணாடித் தொட்டி. இந்தக் கீழ்த்தொட்டியைத்தான் 'சம்ப்' என்கிறார்கள். (நம்ம ஊரில் சம்ப் என்றால் வாசலில் பூமிக்கடியில் இருக்கிற தண்ணீர்த் தொட்டி. இதுவும் அது மாதிரிதான், சின்ன சைஸ்.) மேல் தொட்டியின் ஓரத்தில் ஒரு தடுப்பு. தண்ணீர் அந்தத் தடுப்பைத் தாண்டி வழிந்து, குழாய் வழியாகக் கீழே இறங்கும். கீழே ஸ்பாஞ்சில் வடிகட்டி, மோட்டார் அதை மறுபடி மேலே தள்ளும். இருபத்து நாலு மணி நேரமும் இந்தச் சுற்று நடக்கும். பார்க்க அம்சமாக இருக்கும். மீனுக்கும் நல்லது.

ஒரு மார்ச் மாதம் அவர் குடும்பத்தோடு கல்யாணத்துக்காக ஊருக்குப் போனார், இரண்டு வாரம். வாட்ச்மேன் மகனிடம் சாவி. பிளஸ் டூ படிக்கிற பையன். இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளை, பாதி இந்தியில்தான் பேசுவான். வேலை இரண்டே இரண்டு. மீனுக்குத் தீனி போடணும். கீழ்த்தொட்டியில் மார்க்கரால் ஒரு கோடு போட்டிருக்கு, தண்ணீர் அதற்குக் கீழே இறங்கினால் கோடு வரைக்கும் ஊத்தணும். அவ்வளவுதான்.

ஒரு வாரத்தில் கீழ் வீட்டில் இருந்து சத்தம். அங்கே இருப்பது வயதான வங்காளித் தம்பதி. கூரையில் ஈரம், சுவரில் ஈரம், ஸ்விட்ச் போர்டுக்கு மேலே கோடு கோடாகத் தண்ணீர். பாட்டி ஸ்விட்சைத் தொடவே பயந்து, இருட்டிலேயே உட்கார்ந்திருந்தார். நாங்கள் பையனோடு மேலே போய்ப் பார்த்தால் ஹாலில் பாதம் நனைகிற அளவுக்கு ஈரம், அலமாரிப் பலகை ஊறிப் போயிருக்கிறது. ஆனால் தொட்டி ஜம்மென்று ஓடிக்கொண்டிருக்கிறது. கண்ணாடி உடையவில்லை, குழாய் கழலவில்லை. அப்போ தண்ணீர் எங்கிருந்து வந்தது?

எல்லோரும் பையனைப் பார்த்தார்கள். "குழாயைத் திறந்து விட்டுட்டுப் போயிருப்பே", "வாளியைக் கவிழ்த்திருப்பே", "போனைப் பார்த்துக்கிட்டே ஊத்தியிருப்பே" என்று ஆளுக்கு ஒன்று. போனில் வீட்டுக்காரரும் கத்தினார். வாட்ச்மேன் எல்லோர் முன்னாலும் பையனை அடிக்கக் கை ஓங்கிவிட்டார்.

பையன் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னான். "அங்கிள், நான் கோடு வரைக்கும்தான் ஊத்தினேன். ஒரு சொட்டு ஜாஸ்தி ஊத்தலை."

வங்கியில் இருபது வருஷம் குப்பை கொட்டியதில் ஒரு பழக்கம் வந்துவிட்டது. சாயங்காலம் பணம் இடித்தால் கேஷியரைச் சந்தேகப்படுவதற்கு முன்னால் வவுச்சரைப் பார்க்க வேண்டும். ஆள் தப்பா, முறை தப்பா என்று முதலில் பிரிக்க வேண்டும். அவன் சொன்னது நிஜம் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால் என்ன? டேப்பை எடுத்து அளந்தேன்.

கணக்குக்கு முன்னால் ஒரு சின்னப் பாடம். நம்ம வீடுகளில் மண்ணெண்ணெய் டின்னில் டியூபை விட்டு வாயால் ஒரு இழுப்பு இழுத்து, அடுத்த முனையைக் கீழே விட்டால் தானாக வந்து கொட்டுமே, அதுதான் சைபன். டியூப் முழுக்கத் திரவம் இருந்து, ஒரு முனை முங்கியிருந்து, மறு முனை தாழ்வாக இருந்தால் போதும். மோட்டார் வேண்டாம். நாம் வேண்டாம் என்றாலும் நிற்காது. பள்ளிக்கூட ஆய்வகத்தில் வசுதேவர் கிண்ணம் பார்த்திருப்பீர்கள். வசுதேவர் கையில் குழந்தைக் கிருஷ்ணன். தண்ணீர் ஊற்ற ஊற்ற ஏறும். கிருஷ்ணன் பாதத்தைத் தொட்டதும் யமுனை வடிந்த மாதிரி மொத்தமும் அடி வழியாக இறங்கிவிடும். உள்ளே ஒளிந்திருப்பது வளைந்த ஒரு சைபன் குழாய். ஒருமுறை ஆரம்பித்தால் குழாய்க்குள் காற்று புகுகிற வரைக்கும் ஓடும்.

மீன் தொட்டியில் மோட்டார் ஓடும்போது தண்ணீரை மேலே தள்ளும் குழாய் இருக்கிறதல்லவா? அதன் வாய் மேல் தொட்டியில் தண்ணீருக்குள் முங்கியிருக்கிறது. கரண்ட் போனதும் அதே குழாய் சைபன் ஆகிவிடும். நின்றுபோன மோட்டார் வழியாகவே தண்ணீர் பின்னோக்கிக் கீழே இறங்கும். குழாயின் வாய் காற்றில் தெரிகிற மட்டத்துக்கு மேல் தொட்டி வடிந்தால்தான் நிற்கும்.

இப்போது கணக்கு. மேல் தொட்டி 90 செ.மீ. நீளம், 40 செ.மீ. அகலம். ஒரு செ.மீ. உயரத்துக்கு 3.6 லிட்டர். குழாயின் வாய் தண்ணீர் மட்டத்துக்கு 10 செ.மீ. கீழே இருந்தது. ஆக 36 லிட்டர் இறங்கும். குழாய்களில் நிற்கிற தண்ணீருக்கு ஒரு 2 லிட்டர். மொத்தம் 38.

கீழ்த்தொட்டி 60 செ.மீ. நீளம், 30 அகலம், 35 உயரம். ஒரு செ.மீ.க்கு 1.8 லிட்டர், முழுக் கொள்ளளவு 63 லிட்டர். மார்க்கர் கோடு 24 செ.மீ.யில். அதாவது மோட்டார் ஓடும்போதே 43 லிட்டர் இருக்கிறது. மிச்ச இடம் 20 லிட்டர். வருவது 38. தரையில் 18 லிட்டர்.

சரி, ஒரு தடவை 18 லிட்டர். ஆனால் அத்தனை ஈரத்துக்கு 18 பத்தாதே? இங்கேதான் விஷயம் இருக்கிறது. கரண்ட் திரும்பி வந்ததும் மோட்டார் 38 லிட்டரையும் மேலே ஏற்றிவிடும். கீழே இருப்பது இப்போது 25 லிட்டர்தான். அடுத்த முறை கரண்ட் போனால் 25-ம் 38-ம் சேர்ந்து 63. விளிம்பு வரை வந்து நின்றுவிடும், சிந்தாது. யாரும் தொடாமல் விட்டிருந்தால் அபராதம் ஒரே ஒரு முறைதான். தொட்டி தானாகவே தன் சரியான மட்டத்தைக் கண்டுபிடித்திருக்கும்.

ஆனால் நம்ம பிள்ளை பொறுப்பானவன். வந்து பார்க்கிறான், தண்ணீர் கோட்டுக்குப் பத்து செ.மீ. கீழே. சொன்னபடி கோடு வரைக்கும் 18 லிட்டர் ஊற்றுகிறான். அடுத்த கரண்ட் கட்டில் அதே 18 லிட்டர் மறுபடி தரைக்கு. அவன் மறுபடி வருகிறான், ஊற்றுகிறான்... அந்த வாரத்தில் நாலு முறை கரண்ட் போனது. நாலு பதினெட்டு எழுபத்திரண்டு லிட்டர். தண்ணீர் பஞ்ச மாதத்தில், அவன் வீட்டு டிரம்மில் இருந்து மாடி ஏறிச் சுமந்து வந்த தண்ணீர்.

வேலையை ஏமாற்றுகிற பையனாக இருந்திருந்தால் ஒரு முறையோடு போயிருக்கும். ஒழுங்காகச் செய்ததால் நாலு முறை.

காகிதத்தில் எழுதி எல்லோர் முன்னாலும் காட்டினேன். நம்பாதவர்களுக்காகத் தரையில் பழைய துணிகளைப் பரப்பிவிட்டு, கோடு வரை தண்ணீர் இருக்கும்போது மோட்டார் பிளக்கைப் பிடுங்கினேன். கொஞ்ச நேரத்தில் கீழ்த்தொட்டி விளிம்பைத் தாண்டியது. யாரும் பேசவில்லை. வாட்ச்மேன் மட்டும் பையன் தலையில் கையை வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். வீட்டுக்காரரும் பெரிய மனுஷன்தான். ஊரில் இருந்து வந்ததும் பையனைக் கூப்பிட்டு நேரிலேயே மன்னிப்புக் கேட்டார். கீழ் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்துக் கொடுத்தார்.

எனக்கு மதுராந்தகம் பக்கம். எங்கள் ஏரியைப் பற்றி எல்லோருக்கும் தெரிந்த கதை ஒன்று உண்டு. 1790-களில் லயனல் பிளேஸ் என்ற வெள்ளைக்காரக் கலெக்டர். ஒரு மழைக்காலத்து ராத்திரி, ஏரிக்கரை உடையப் போகிறது என்று ஓடி வந்தவர், வில்லும் கையுமாக இரண்டு பேர் கரையைக் காவல் காப்பதைப் பார்த்தாராம். கரை உடையவில்லை. அதில் இருந்து கோயில் சாமிக்கு 'ஏரி காத்த ராமர்' என்று பேர். தாயார் சன்னதித் திருப்பணியை அந்தக் கலெக்டர் செய்து கொடுத்ததாகச் சொல்வார்கள்.

நம்பிக்கை ஒரு பக்கம். ஏரி வெட்டிய நம்ம ஆட்கள் ராமரை மட்டும் நம்பிக் கரை போடவில்லை. கலிங்கு வைத்தார்கள். ஏரி இந்த மட்டத்துக்கு மேல் ஏறக் கூடாது என்று முடிவு பண்ணி, உபரி வழிய ஒரு கல்லணை. வழிகிற தண்ணீர் அடுத்த ஏரிக்குப் போகும், அது நிரம்பினால் அதற்கும் ஒரு கலிங்கு. மேல் மீன் தொட்டியில் இருக்கிற தடுப்பும் ஒரு கலிங்குதான். ஆனால் கீழ்த்தொட்டிக்குக் கலிங்கு கிடையாது. அது நிரம்பினால் அடுத்த ஏரி, நம்ம வீட்டு ஹால். ஆகவே கீழ்த்தொட்டியில் காலியாக விடுகிற இடம்தான் நமக்குக் கலிங்கு. வங்கி பாஷையில் சொன்னால் அது ரிசர்வ். சும்மாதானே கிடக்கிறது என்று அதில் தண்ணீரை நிரப்பக் கூடாது.

அந்தத் தொட்டியில் என்னென்ன மாற்றினோம் என்று சொல்கிறேன். உங்கள் தொட்டிக்கு உங்கள் அளவைப் போட்டுக்கொள்ளுங்கள்.

1. குழாயின் வாயை உயர்த்தினோம். 10 செ.மீ. ஆழத்தில் இருந்ததை 5-க்குக் கொண்டு வந்தோம். இப்போது எவ்வளவு மோசமானாலும் இறங்குவது 18-ம் 2-ம் 20 லிட்டர்தான். பாதிப் பிரச்னை இதிலேயே தீர்ந்தது.

2. காற்றுத் துளை போட்டோம். அதே குழாயில், தண்ணீர் மட்டத்துக்கு ஒன்றரை செ.மீ. கீழே, 6 மில்லிமீட்டரில் இரண்டு துளை. மட்டம் துளைக்குக் கீழே இறங்கியதும் காற்று உள்ளே போய் சைபன் உடைந்துவிடும். மோட்டார் ஓடும்போது துளை வழியாகக் கொஞ்சம் தண்ணீர் பீய்ச்சும். தொட்டிக்குள்ளேயே விழுகிற மாதிரி உள்பக்கம் பார்த்துப் போட வேண்டும். பாசியும் குட்டி நத்தையும் துளையை அடைத்துவிடும். வாரம் ஒரு முறை ஈர்க்குச்சியால் குத்தி விடணும்.

3. கோட்டை இறக்கினோம். துளை அடைத்துக்கொண்டாலும் சிந்தக் கூடாது என்று வைத்துத்தான் கணக்கு. 63-ல் 20 போனால் 43. அதில் ஒரு 10 லிட்டரைக் கையிருப்பாக விட்டு 18 செ.மீ.யில் புதுக் கோடு (32 லிட்டர்). பழைய கோட்டை ஸ்பிரிட் போட்டு அழித்தாச்சு. பக்கத்திலேயே 'மோட்டார் ஓடும்போது மட்டும் பார்க்கவும்' என்று தமிழிலும் இந்தியிலும் எழுதி ஒட்டினோம். மோட்டார் நிற்கும்போது வேறு மட்டம், ஓடும்போது வேறு மட்டம். எதைப் பார்ப்பது என்று சொல்லாத கோடு ஆபத்தான கோடு.

4. எதிர்ப்பக்கத்தையும் பார்த்தோம். இலை, செத்த மீன் ஏதாவது மேல் தடுப்பை அடைத்துக்கொண்டால்? மோட்டார் கீழே இருப்பதை எல்லாம் மேலே ஏற்றி, மேல் தொட்டி வழியும். மோட்டார் உறிஞ்சுகிற வாய் அடியில் இருந்து 5 செ.மீ. உயரத்தில் இருக்கிற மாதிரி வைத்தோம். அதனால் கடைசி 9 லிட்டரை இழுக்க முடியாது. மேலே போகக் கூடியது 23 லிட்டர். மேல் தொட்டியில் 7 செ.மீ. காலி, 25 லிட்டர் கொள்ளும். தப்பித்தோம். (இந்தக் காலி உயரம் இன்னொன்றுக்கும் உதவும். இங்கே நிலம் அவ்வப்போது லேசாக ஆடும். விளிம்பு வரை நிரப்பின தொட்டி அதிலேயே சிந்தும்.)

தொட்டியில் ஓட்டை போடாமல், விளிம்பில் வளைகுழாய் மாட்டித் தண்ணீரைக் கீழே இறக்குகிற ஒரு வகை உண்டு. அதுவும் சைபன்தான், ஆனால் நாம் வேண்டும் என்று வைப்பது. கரண்ட் போய் வரும்போது அதில் காற்று புகுந்திருந்தால் மறுபடி ஓட ஆரம்பிக்காது. மோட்டார் மட்டும் மேலே ஏற்றிக்கொண்டே இருக்கும். வீட்டில் ஆள் இல்லாத காலத்துக்கு அந்த வகையை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். ஓட்டை போட்ட தொட்டி தேவலை.

"நான்-ரிட்டர்ன் வால்வு போட்டா போச்சே?" என்று கேட்பீர்கள். போடலாம். ஆனால் கிணற்று மோட்டாரின் ஃபுட் வால்வை நினைத்துப் பாருங்கள். ஒரு இலைத் துணுக்கு மாட்டினால் இறங்கிப்போகும், மறுநாள் வாளியில் தண்ணீர் ஊற்றி மோட்டாரை எழுப்ப வேண்டும். மீன் தொட்டி வால்விலும் பாசி, மணல், நத்தை, உப்புப் படிவு. அதை நம்பிக் கோட்டை ஏற்றக் கூடாது. மோட்டாரை இன்வெர்ட்டரில் மாட்டுவதும் அப்படித்தான். மீனுக்கு நல்லது, ஆனால் பேட்டரி தீர்ந்ததும் நடக்க வேண்டியது நடக்கும்.

"எங்க ஊர்ல கரண்டே போகாது" என்கிற வெளிநாட்டு நண்பர்களுக்கு: மோட்டார் நிற்பதற்குக் கரண்ட் போக வேண்டும் என்று இல்லை. மோட்டாரே சாகலாம். டிரிப் ஆகலாம். வீட்டைச் சுத்தம் செய்ய வந்தவர் வாக்குவம் கிளீனருக்காக உங்கள் பிளக்கைப் பிடுங்கலாம். தண்ணீருக்கு இந்த வித்தியாசம் எல்லாம் தெரியாது.

சம்ப் இல்லாத சின்னத் தொட்டிக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. குமிழி விடுகிற ஏர் பம்பைத் தொட்டிக்குக் கீழே அலமாரியில் வைத்திருப்பீர்கள். கரண்ட் போனால் அந்த மெல்லிய டியூப் வழியாகவும் தண்ணீர் பின்னால் இறங்கி, பம்புக்குள் போகும், அங்கிருந்து தரைக்கு. பம்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வையுங்கள். அதற்கு இடமில்லை என்றால் டியூபில் சின்ன வால்வு மாட்டுங்கள், விலை கொஞ்சம்தான்.

கடைசியாக, உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். எக்ஸ்டென்ஷன் போர்டைத் தொட்டிக்குக் கீழே தரையில் போட்டு வைக்காதீர்கள். சுவரில் உயரமாக மாட்டுங்கள். வயர் பிளக்குக்குக் கீழே ஒரு தொங்கல் தொங்கி, பிறகு மேலே ஏறிப் போக வேண்டும். அப்போதுதான் வயரோடு வழிகிற தண்ணீர் தொங்கலின் அடியில் சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது. வீட்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லை என்றால், அடுத்த மீன் வாங்குவதற்கு முன்னால் அதை வாங்குங்கள். கீழ் வீட்டுப் பாட்டி ஸ்விட்சைத் தொடாமல் இருட்டில் உட்கார்ந்தது எவ்வளவு புத்திசாலித்தனம் என்று எனக்கு இப்போதும் தோன்றும்.

ஊருக்கு டிக்கெட் போட்டுவிட்டீர்களா? கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், கோடு வரை தண்ணீர் இருக்கும்போது மோட்டார் பிளக்கைப் பிடுங்குங்கள். பக்கத்தில் ஒரு பழைய துணி, பிள்ளைகள் கையில் ஒரு கடிகாரம். கீழ்த்தொட்டி எங்கே வந்து நிற்கிறது என்று பென்சிலால் குறியுங்கள். பிறகு காற்றுத் துளையை விரலால் அடைத்துக்கொண்டு மறுபடி ஒரு முறை. இரண்டு தடவையும் சிந்தவில்லை என்றால் பிளக்கை மாட்டிவிட்டு, மேல் தொட்டி மட்டம் பழையபடி வந்து நிற்கிறதா என்றும் பாருங்கள். கால் மணி நேர வேலை.

அதற்குப் பிறகு சாவியை யாரிடம் வேண்டுமானாலும் கொடுக்கலாம். சொன்னதைச் சொன்னபடி செய்கிற பிள்ளையாக இருந்தால் இன்னும் நல்லது.